மாவூரணி டாக்டரம்மாவின் நீர்மட்டம்

மாவூரணி கண்ணாஸ்பத்திரியில் கட்டுப் பிரித்தவர்கள் எல்லாருக்கும் முதலில் தெரிந்தது டாக்டர் கிருபாவதிதான்; அவர் தெரிந்த பிறகுதான் சுவர் தெரிந்தது, சுவரில் தொங்கிய காலண்டர் தெரிந்தது, ஜன்னலுக்கு வெளியே வத்தல் மூட்டை ஏற்றிப் போகும் லாரி தெரிந்தது, எப்போது வந்தன என்றே தெரியாமல் தன் கைமேல் வந்து உட்கார்ந்திருந்த சுருக்கங்கள் தெரிந்தன. டாக்டரம்மா கண்ணாடியாகத் தெரிந்தார். வெள்ளைக் கோட்டு இருந்தது, பருத்திச் சேலை இருந்தது, கழுத்தில் மெல்லிய சங்கிலி இருந்தது, அவற்றுக்கெல்லாம் உள்ளே அவர் ஒரு நெடிய கண்ணாடிப் பாத்திரம்போல நின்றார், அந்தப் பாத்திரத்தில் முட்டளவோ இடுப்பளவோ தெளிந்த நீர் நின்றது, அவர் கட்டிலுக்குக் கட்டில் நடக்கும்போது நீர் ஆடியது, ஜன்னல் வெயில் அதில் பட்டு வார்டுச் சுவர் முழுக்க அலை அலையாக ஓடியது.

முதன்முதலில் அப்படிப் பார்த்தவள் பொன்னுத்தாய். வத்தல் கமிஷன் கடையில் மிளகாய்க் காம்பு கிள்ளுகிறவள், ஐம்பத்தைந்து வயது, வலது கண்ணில் புரை. சொட்டு மருந்தின் வேலை என்று நினைத்துக்கொண்டாள். பக்கத்துக் கட்டிலில் கட்டுப் பிரித்திருந்த பெண்ணிடம் கேட்டபோது அவளும் சுவரில் ஓடிய அலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கண்ணைப் பொத்தினால் டாக்டரம்மா எல்லாரையும்போலச் சதையும் எலும்புமாக இருந்தார், கையை எடுத்தால் மறுபடியும் நீர் ஆடியது. அவர் தொட்டுத் திறந்த கண்ணுக்கு மட்டும்தான் அது தெரிந்தது. புரை விழாதவர்களுக்குத் தெரியவில்லை. வேறு ஊரில் ஆபரேஷன் செய்துகொண்டு வந்தவர்களுக்கும் தெரியவில்லை.

அது தண்ணீர் இல்லை என்று தெரிய மாவூரணிக்கு ஒரு மாதம் ஆனது. ஆஸ்பத்திரி வாசலில் டீக்கடை வைத்திருந்த கோட்டைச்சாமிக்கு இரண்டு கண்ணும் டாக்டரம்மா திறந்தவை. அவர் முன்பு மதுக்கடை பாரில் வேலை பார்த்தவர், எந்தத் திரவம் கண்ணாடிக்குள் எப்படி ஆடும் என்பதை அறிந்தவர். டாக்டரம்மா தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, சின்ன எவர்சில்வர் பிளாஸ்கைத் திறந்து, ஏலக்காய் மென்றபடி வெளியே வரும்போதெல்லாம் நீர்மட்டம் நாலு விரற்கடை ஏறியிருப்பதை அவர் டீ ஆற்றிக்கொண்டே கவனித்தார். வாடை வராத வெள்ளைச் சரக்கு, வோட்கா, என்றார். கேட்டுக்கொண்டிருந்த யாரும் அதை நம்பாமலில்லை, திடுக்கிடவும் இல்லை. மழைக்கு முன் எறும்பு ஏறும் என்று யாரோ சொல்வதைக் கேட்டுக்கொள்வதுபோலக் கேட்டுக்கொண்டு அவரவர் டீயைக் குடித்தார்கள்.

ஏனென்றால் டாக்டரம்மாவைப்போல ஒரு டாக்டர் அந்தக் கரிசல் காட்டில் அதற்கு முன் வந்ததில்லை. ஒரு நாளும் அவர் நேரம் தவறியதில்லை, ஒரு நோயாளியின் பேரையும் மறந்ததில்லை, முகாமுக்கு வேனில் ஏற்றி வந்தவர்களைச் சாப்பிடவைக்காமல் திருப்பி அனுப்பியதில்லை. குடி எப்போது தொடங்கியது என்று பிற்பாடு கேட்டபோது, ஒரே நாளில் எழுபது கண்களைத் திறந்த ஒரு சாயங்காலம், விரல்கள் மடங்க மறுத்தபோது, கூட வேலை பார்த்த ஒருவர் நீட்டிய அரைத் தம்ளர் என்று சொன்னார். அதுதான் காரணமா, இல்லை வெறும் தொடக்கம்தானா என்பது அவருக்கே தெரியவில்லை. பதினோரு வருஷமாக அவர் அதைப் பிளாஸ்கிலும் கைப்பையிலும் தையல் மெஷினின் இழுப்பறையிலும் ஒளித்து வைத்திருந்தார், யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தார். அவருடைய கணவர் செல்வின் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார், தினமும் காலையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து அவரோடு இட்லி சாப்பிடுகிறவர். அவருக்கு நல்ல கண். அதனால் ஒன்றும் தெரியவில்லை.

ஊர் அந்த நீரை வெயிலைப்போல, பஸ் நேரத்தைப்போலப் பழகிக்கொண்டது. ராத்திரி முழுக்க வற்றி, காலையில் நீர் கணுக்காலில் நிற்கும். அப்போது டாக்டரம்மாவின் விரல்கள் லேசாக நடுங்கும், ஆகையால் பத்து மணிக்கு முன் யாரும் போகக் கூடாது. பத்திலிருந்து ஒன்றுவரை இடுப்பளவு. அது நல்ல நேரம், கைகள் கோயில் விளக்குச் சுடர்போல அசையாமல் நிற்கும். மதியத்துக்குப் பிறகு நெஞ்சளவு, நாலு மணிக்குக் கழுத்தளவு, அதற்குப் பிறகு சொட்டு மருந்து வாங்க மட்டும் போகலாம். டவுன் பஸ் கண்டக்டர் ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் விசில் கொடுக்குமுன் கோட்டைச்சாமியைப் பார்த்து எவ்வளவு என்று சாடையில் கேட்பார், கோட்டைச்சாமி தன் உடம்பில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டுவார், அதைப் பார்த்து ஜனங்கள் இறங்குவார்கள் அல்லது இறங்காமல் போவார்கள். சித்திரை மாத வெக்கையில் கண் நோவு எதுவும் இல்லாத பெண்கள்கூட வார்டுக்குள் வந்து உட்கார்ந்து சுவரில் ஓடும் அலையைப் பார்த்துக் குளிர்ந்துவிட்டுப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வேதக்கோயிலில் மூன்றாம் வரிசையில் டாக்டரம்மா முழங்காலிடும்போது பீடத்தின்மேல் அலை விழுந்தது. அவரிடம் இரண்டு கண்ணும் திறந்துகொண்ட போதகர் திருவிருந்துக்குப் புளித்த திராட்சரசத்தை நிறுத்தி வெறும் பழச்சாறாக மாற்றினார். காரணம் கேட்டவர்களிடம் வயிற்றுக்கு நல்லது என்றார். டாக்டரம்மாவிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

யாரும் கேட்கவில்லை. கண் கொடுத்த மகராசியைக் குற்றம் சொன்னால் கொடுத்த கண் அவிந்துபோகும் என்று ஒரு பேச்சு எங்கிருந்தோ கிளம்பி ஊருக்குள் நிலைத்துவிட்டது. நீர்மட்டம் வருஷத்துக்கு வருஷம் ஏறியதை எல்லாரும் பார்த்தார்கள். இடுப்பளவு நிற்பது மூன்று மணி நேரமாக இருந்தது இரண்டு மணி நேரமாக, இரண்டு ஒன்றரையாகக் குறைந்ததைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு இன்னும் சீக்கிரம் வரிசையில் வந்து நின்றார்கள்.

அப்படியிருக்க, டாக்டரம்மா இருபத்தையாயிரமாவது கண்ணைத் திறந்ததற்கு ஆஸ்பத்திரியில் ஒரு பாராட்டுக் கூட்டம் நடந்தது. பொன்னாடை போர்த்தினார்கள், கேசரி கொடுத்தார்கள், அவரும் மேடையில் ஏறி, தடுமாறாமல், பழைய நோயாளிகளின் பேரையெல்லாம் சொல்லி நன்றாகப் பேசினார். கூட்டத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, தாடையைத் தொட்டுக்கொண்டிருந்த நீர் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூட்டம் முடிந்தபோது மணி நாலரை. அப்போதுதான் வெயிலுமுத்து வந்து சேர்ந்தார்.

அவர் ஓடைப்பட்டிக்காரர், சீமைக்கருவேல வேலிக்காட்டில் கரிமூட்டம் போட்டு விறகைக் கரியாக்குகிறவர், அறுபது வயது, தனிக்கட்டை. இரண்டு பஸ் மாறி, இடையில் ஒன்று பழுதாகி நின்று, சாயங்காலம் வந்து இறங்கினார். எந்த நேரத்தில் வர வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது, மாவூரணியில் அவருக்கு ஆளுமில்லை. நர்ஸ் நாளைக்கு வரச் சொன்னாள். அது டாக்டரம்மா காதில் விழுந்துவிட்டது. அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிற மனுஷனைத் திருப்பி அனுப்ப வேண்டாம், பத்து நிமிஷ வேலை, தியேட்டரைத் தயார் பண்ணு என்றார். வராந்தா பெஞ்சில் அப்போது பொன்னுத்தாயும் இன்னும் நாலு பேரும் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா வெயிலுமுத்துவின் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார், நீர் அவருடைய புருவத்துக்கு மேலே நின்றது, இரண்டு விழிகளும் அதற்குள் மீன்களைப்போல மிதந்தன. பெஞ்சிலிருந்த ஐந்து பேரும் அதைப் பார்த்தார்கள். ஒருத்தி கேசரித் தட்டை இன்னொரு கைக்கு மாற்றினாள். கதவு சாத்திக்கொண்டது.

கண்ணுக்குள்ளே வெங்காயச் சருகைவிட மெல்லிய பை ஒன்று உண்டு. அது கிழிந்தது. மதுரைக்கு அனுப்பிப் பார்த்தார்கள், அங்கே முடிந்தவரை பார்த்தார்கள், வெயிலுமுத்துவின் வலது கண்ணில் வெளிச்சம் திரும்பவில்லை. ஆயிரத்தில் ஒருவருக்கு இப்படி ஆவதுண்டு என்று அவரிடம் சொன்னார்கள். அவர் அதை நம்பி, தன் தலையெழுத்து என்று சொல்லிக்கொண்டு, ஒற்றைக் கண்ணோடு ஓடைப்பட்டிக்குப் பஸ் ஏறினார்.

பத்து நாள் கழித்துப் பொன்னுத்தாய் சீட்டு வாங்கிக்கொண்டு டாக்டரம்மாவின் அறைக்குள் போனாள். டாக்டரம்மா விளக்கை எடுத்து அவள் கண்ணைப் பார்த்துவிட்டு, கண் நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு வந்தாய் என்று கேட்டார்.

"நல்லாத் தெரியுது தாயி. அதான் வந்தேன்" என்றாள் பொன்னுத்தாய். "இப்ப ஒங்களுக்கு நெஞ்சுக்குக் கீழ நிக்கி."

"எது நிக்கி?"

"நீங்க குடிக்கது."

டாக்டரம்மா விளக்கை அணைத்து மேஜையில் வைத்தார். யார் சொன்னது என்று கேட்கவில்லை. பொன்னுத்தாய் மெதுவாக, கட்டுப் பிரித்த நாளிலிருந்து தொடங்கி, கணுக்கால், முட்டு, இடுப்பு என்று எல்லாவற்றையும் சொன்னாள். சுவரில் ஓடும் அலையைச் சொன்னாள், டவுன் பஸ்ஸைச் சொன்னாள். டாக்டரம்மா நடுவில் ஒருமுறைகூடக் குறுக்கிடாமல் கேட்டார்.

"வேற யாருக்கெல்லாம் தெரியும்?"

"நீங்க கண்ணு தொறந்துவிட்ட எல்லாத்துக்கும்."

"ஏன் ஒருத்தரும் சொல்லலை?"

"எங்களுக்குக் கண்ணு வேணுமே தாயி" என்றாள் பொன்னுத்தாய். பிறகு முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "அந்தக் கரிமூட்டக்காரர உள்ள கூட்டிட்டுப் போகையில ஒங்களுக்குப் புருவத்துக்கு மேல நின்னுச்சு. நான் பெஞ்சுலதான் இருந்தேன். ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவுக கண்ணு இருந்திருக்கும். பாதித் தப்பு எம்மேல. மீதியச் சொல்லத்தான் வந்தேன்."

டாக்டரம்மா அவளை வெளியே போகச் சொன்னார். அன்று மீதி நோயாளிகளையும் போகச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பிளாஸ்கைக் காலி செய்தார். பிறகு எழுந்து, கடைத்தெரு வழியாக வீட்டுக்கு நடந்தார். பதினோரு வருஷமாக மாவூரணி ஜனங்கள் தன்னோடு பேசும்போது முகத்தைப் பார்க்காமல் கொஞ்சம் கீழே பார்ப்பதை மரியாதை என்று நினைத்திருந்தார். இப்போது வெற்றிலைக்காரி அவர் கழுத்தைப் பார்த்தாள், சைக்கிள் கடைக்காரர் கழுத்தைப் பார்த்தார், எதிரே வந்த போதகர் கழுத்தைப் பார்த்துவிட்டுக் கும்பிட்டார். அந்தத் தெருவின் நீளம் அன்று அவருக்கு முடியவே இல்லை.

வீட்டில் செல்வின் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். டாக்டரம்மா எதிரே உட்கார்ந்து சொன்னார். செல்வின் முதலில் சிரித்தார். பிறகு தையல் மெஷின் இழுப்பறையை டாக்டரம்மாவே திறந்து காட்டியபோது சிரிப்பை நிறுத்தினார். எத்தனை வருஷம் என்று மட்டும் கேட்டார். பதினோரு வருஷம் என்றதும், சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு, அடுப்படிக்குப் போய், கழுவியிருந்த தட்டுகளையே எடுத்து மறுபடியும் கழுவினார். வெகுநேரம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது, எங்கே போக வேண்டுமோ அங்கே நானும் வருகிறேன் என்றார்.

மறுநாளே டாக்டரம்மா ஆஸ்பத்திரியை நடத்தும் அறக்கட்டளைக்கு நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தார். ஒரு வருஷம் ஆபரேஷன் செய்யக் கூடாது என்றார்கள். அவர் நாகர்கோவில் பக்கம் குடியை விட வருகிறவர்களைத் தங்கவைக்கும் விடுதி ஒன்றுக்குப் போனார். மாவூரணிக்கு வெளியூரிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் ஓர் இளம் டாக்டர் வந்தார். கெட்டிக்காரர்தான், ஆனால் அவரிடம் கட்டுப் பிரித்தவர்களுக்கு முதலிலேயே சுவரும் காலண்டரும் தெரிந்தன, வேறொன்றும் தெரியவில்லை. அவர் திறந்த கண்களை வறண்ட கண் என்று ஊரில் சொன்னார்கள். முந்நூறு பேர் வரிசையில் காத்திருந்தார்கள். கோபம் முழுக்கப் பொன்னுத்தாய் மேல் திரும்பியது. கமிஷன் கடையில் அவளுக்கு வேலை இல்லை என்றார்கள். குழாயடியில் அவள் குடம் வைத்தால் மற்றவர்கள் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். கோட்டைச்சாமி அவளுக்கு டீ கொடுத்தார், பேச்சுக் கொடுக்கவில்லை.

டாக்டரம்மா விடுதிக்குப் போன மூன்றாம் நாள் காலையில் மாவூரணியில் கண்கள் ஒழுகத் தொடங்கின. அழுகை இல்லை, நோவும் இல்லை. டாக்டரம்மா திறந்த கண்களிலிருந்து மட்டும் தெளிந்த நீர் நிற்காமல் இறங்கியது. உப்புக் கரிக்கவில்லை, கன்னத்தில் பட்ட இடம் குளிர்ந்தது, உதட்டில் பட்டால் சுருக்கென்றது. கோட்டைச்சாமி ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பதினோரு வருஷம் அவருக்குள் ஏறியது எங்காவது இறங்கித்தானே ஆக வேண்டும் என்று ஊர் அதையும் ஏற்றுக்கொண்டது. ஆளுக்கொரு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்கள். கண்டக்டர் ஒரு கையால் துடைத்துக்கொண்டு ஒரு கையால் டிக்கெட் கிழித்தார். போதகர் பிரசங்கத்தின் நடுவே துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டு, பொத்தியவர் எடுக்காமலே, நான் டாக்டரம்மாவிடம் ஒருமுறை கேட்டிருக்க வேண்டும் என்றார், அதற்குமேல் அன்று பிரசங்கம் நடக்கவில்லை. கமிஷன் கடையில் வத்தல் நெடியும் சேர்ந்துகொள்ள, காம்பு கிள்ளும் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் துடைத்துவிட்டார்கள். அப்படித் துடைத்துக்கொண்டிருந்த ஒரு நாளில் இரண்டு பேர் எழுந்து போய்ப் பொன்னுத்தாயைக் கையைப் பிடித்து இழுத்து வந்து அவள் பழைய இடத்தில் உட்காரவைத்தார்கள். நாற்பது நாள் ஒழுகியது. நாற்பத்தோராம் நாள் எல்லாருக்கும் கண் காய்ந்தது. வெளுத்த வேட்டியைப்போல அன்று உலகம் பளிச்சென்று இருந்தது.

டாக்டரம்மா திரும்பி வந்ததும் முதல் வேலையாக ஓடைப்பட்டிக்குப் போனார். வெயிலுமுத்து மூட்டத்தின்மேல் ஈர மண் பூசிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா வேலிக்காட்டின் புகைக்கு நடுவே நின்று, நீங்கள் வந்த அன்று நான் குடித்திருந்தேன், தலையெழுத்து இல்லை, நான்தான் என்று சொன்னார். வெயிலுமுத்து கை மண்ணை உதறவில்லை. அவருடைய பார்வையில்லாத வலது கண்ணுக்குக் கீழே, கரி படிந்த முகத்தில், நாற்பது நாள் நீர் இறங்கிய தடம் வெள்ளையாக இருந்தது.

"இந்தக் கண்ணுல வெளிச்சந்தான் இல்ல, தண்ணி மட்டும் வந்துச்சு. ஏன்னு தெரியாம இருந்துச்சு" என்றார். பிறகு மூட்டத்தைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு வந்து, மற்றக் கண்ணிலும் புகை மூடிக்கொண்டு வருகிறது, இப்போது நெருப்பின் நிறம்கூடத் தெரியவில்லை என்றார். வேறு நல்ல டாக்டரிடம் நானே கூட்டிப் போகிறேன் என்று டாக்டரம்மா சொன்னார். வெயிலுமுத்து மண்ணைக் குழைக்கப் போய்விட்டார்.

ஒரு வருஷம் முடிந்து டாக்டரம்மாவுக்கு மறுபடியும் அனுமதி கொடுத்தார்கள், இளம் டாக்டர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. முதல் வாரமே வெயிலுமுத்து வந்தார். வராந்தா நிறைய ஆட்கள் இருந்தார்கள், டாக்டரம்மாவைப் பார்க்கத் தெரிந்த கண்கள் நிறைய இருந்தன. வெயிலுமுத்து யாரையும் கேட்கவில்லை. நேரே அவர் முன்னால் போய் நின்று, இன்றைக்குச் செய்யலாமா என்று அவரிடமே கேட்டார்.

பெஞ்சில் இருந்த பொன்னுத்தாய்க்கு டாக்டரம்மாவின் பாதத்தில் ஒரு விரற்கடை நீர் நிற்பது தெரிந்தது. அவள் எழுந்தாள். அவள் வாய் திறப்பதற்குள் டாக்டரம்மா சொன்னார்.

"இன்னைக்கு வேண்டாம். முந்தாநாள் குடிச்சுட்டேன்."

வெயிலுமுத்து சரி என்று சொல்லிவிட்டு, பஸ் ஏறிப் போனார். அடுத்த மாதம் வந்தார். டாக்டரம்மா, குடிக்காமல் இருபத்தாறு நாள் என்றார். போதுமா என்று வெயிலுமுத்து கேட்டார். எனக்குப் போதாது என்றார் டாக்டரம்மா. மறுபடியும் போனார். வந்தார், போனார். இடது கண்ணில் புகை இறுகி, கடைசியில் கோலை ஊன்றித் தடவிக்கொண்டுதான் பஸ்ஸிலிருந்து இறங்கினார். வேறு ஆஸ்பத்திரிக்குப் போகலாமே என்று கண்டக்டர் சொன்னதற்கு, அங்கே ஒருத்தரும் நம்மகிட்ட உள்ளதைச் சொல்ல மாட்டாங்களே என்றாராம். ஆவணி மாதத்தில் ஒரு காலையில் டாக்டரம்மா அவர் கையைப் பிடித்து, வாங்க என்றார்.

மறுநாள் கட்டுப் பிரித்தார்கள். வார்டு வாசலில் கோட்டைச்சாமியிலிருந்து போதகர்வரை நின்றார்கள். அவர்களுக்கு டாக்டரம்மாவின் உள்ளே இப்போது பாத்திரம் மட்டும்தான் தெரிந்தது, அல்லது அதன் அடியில் ஈரம்போல ஏதோ தெரிந்தது, அது வெயிலா ஈரமா என்பதில் அவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. புதிதாகத் திறந்த கண்தான் தெளிவாகச் சொல்லும் என்று காத்திருந்தார்கள். வெயிலுமுத்து கண்ணைச் சிமிட்டி, சிமிட்டி, டாக்டரம்மாவை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார். அவருக்குள் எவ்வளவு தெரிகிறது என்று கோட்டைச்சாமி கேட்டார்.

"என்னைய ஏன் கேக்கீக" என்றார் வெயிலுமுத்து. "அவுக இங்கனதான நிக்காக. அவுகளையே கேளுங்க."

அதுவரை அந்த ஊரில் ஒருவரும் டாக்டரம்மாவிடம் அதைக் கேட்டதில்லை. கோட்டைச்சாமி துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, அவர் கழுத்தையோ இடுப்பையோ பார்க்காமல், முகத்தைப் பார்த்து, "எப்படி இருக்கீக டாக்டரம்மா?" என்று கேட்டார்.

"நூத்தி நாப்பத்தோரு நாள் ஆச்சு" என்றார் டாக்டரம்மா. "நாளைக்கு எனக்குத் தெரியாது. நாளைக்கும் கேளுங்க."

பிறகு சொட்டு மருந்தை எடுத்து, வெயிலுமுத்துவின் தாடையைப் பிடித்து மேலே பார்க்கச் சொன்னார்.